பாட்டை மனப்பாடம் செய்யட்டும், பதிலை வேண்டாம்

மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலப் பாடநூல் உருவாக்குகிறவர்களுக்கும் பொதுத்தேர்வு வினாத்தாள் அமைக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

26 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதில் பிற்பாதி முழுக்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளியில் கழிந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார்கள் கடிதம் எழுத உட்கார்ந்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். ஆனால் சுற்றி வளைத்துத்தான் அதற்கு வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் நல்ல புத்தகம். 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் மறு ஆண்டு பிளஸ் டூவுக்கும் புதிய ஆங்கில நூல்கள் வந்தபோது, வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தேன். தேநீரில் சர்க்கரை போடுகிறவர்களோடு ஜார்ஜ் ஆர்வெல் போடும் சண்டை, குஷ்வந்த் சிங்கின் பாட்டி, ஷேக்ஸ்பியர் சொல்லும் மனிதனின் ஏழு பருவங்கள், டி.எஸ்.எலியட்டின் களவாணிப் பூனை, தோரு தத்தின் சவுக்கு மரம், நம் கி.ராஜநாராயணனின் நாற்காலி. உரைநடை, செய்யுள், துணைப்பாடம், அதற்குள்ளேயே நாடகம். தலைவாழை இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறிவிட்டீர்கள். ஆனால் 'சாப்பாடு எப்படி?' என்று பிள்ளைகளைக் கேட்டால், அடுத்த இலைக்காரர் சாப்பிட்டுவிட்டுச் சொன்னதை ஒப்பிக்கிறார்கள்.

சவுக்கு மரத்திலிருந்து தொடங்குகிறேன். தோரு தத் கல்கத்தாக்காரர். 1856இல் பிறந்து 1877இல் இறந்துபோனார். 'இருபத்தொரு வயசு' என்று நான் சொன்னதும் வகுப்பில் ஒரு சின்ன அமைதி வந்தது. 'எங்க அக்கா வயசு, மிஸ்' என்றாள் ஒருத்தி. இந்த இரண்டு வருடங்களும் நோட்ஸில் இருக்கின்றன, கழித்துப் பார்க்கச் சொல்லித்தான் யாரும் எழுதுவதில்லை. அவருடைய அண்ணனும் அக்காவும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டுத் தோட்டத்தில் நின்ற சவுக்கு மரத்தை, அதன் நிழலில் கூட விளையாடியவர்களுக்காக நினைத்துக்கொள்வதுதான் பாட்டு. அந்த மரத்தின்மேல் மலைப்பாம்பு போல ஒரு கொடி சுற்றிச் சுற்றி உச்சிவரை ஏறியிருக்கிறது.

கொடி என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். 'மிஸ், சவுக்குல எப்படி மிஸ் கொடி ஏறும்? நாலு வருஷத்துல வெட்டிடுவாங்களே.' எங்கள் பகுதியில் சவுக்கு என்றால் அதுதான். நட்டு நாலைந்து ஆண்டில் காகித ஆலைக்கோ, சாரம் கட்டவோ, அடுப்புக்கோ லாரி ஏறிவிடும். கிழட்டுச் சவுக்கை அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. பாட்டில் வரும் மரத்தின் வயதை, அது நின்ற வீட்டின் வசதியை, அதை வெட்டாமல் விட்டுவைத்த பாசத்தை அவன் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டான். நான் நான்கு ஆண்டுகளாக அந்தப் பாட்டை நடத்தியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

பாட்டின் நடுவில் இன்னோர் இடம் வரும். மரம் ஏதோ ஒப்பாரி வைப்பதுபோல் முணுமுணுக்கிறது, கூழாங்கல் கரையில் கடல் மோதும் ஓசையைப் போல இருக்கிறது என்று எழுதுகிறார் தோரு. கல்கத்தாவில் கூழாங்கல் கடற்கரைக்கு எங்கே போவது? பிரான்சிலும் இங்கிலாந்திலும் சில ஆண்டுகள் இருந்தவர் அவர், அங்கே கேட்டிருப்பார் என்றேன். அதோடு மணி அடித்துவிட்டது.

அரையாண்டுத் தேர்வில் அந்தப் பாட்டுக்கு ஐந்து மதிப்பெண் பாராகிராஃப் வந்தது. மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, படிப்பில் நடுத்தரம், பாதித் தாளில் தன் சொந்த இங்கிலீஷில் எழுதியிருந்தாள். இலக்கணம் நொண்டியது. சொன்ன விஷயத்தைத் தமிழில் தருகிறேன். 'எங்கள் வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு இருக்கிறது. ராத்திரி கரண்ட் போனால் சத்தம் கடலா சவுக்கா என்று தெரியாது. அப்பா கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்பாள். பிறகு, சவுக்குதான், படு என்பாள். இந்தக் கவிஞருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.'

நான் அன்றைக்கு வேறு வேலையில் இருந்ததால் விடைத்தாளைத் திருத்தியது இன்னொருவர். ஐந்துக்கு ஒன்றரை. ஓரத்தில் சிவப்பு மையில் 'பாயின்ட்ஸ் மிஸ்ஸிங்' என்று இருந்தது. கேட்டேன். 'மேடம், மரம் நினைவின் சின்னம்னு ஒரு வரிகூட எழுதலையே. கீ ஆன்சர்ல இருக்கறது எதுவுமே இல்லை' என்றார். திருத்துகிறவர்களுக்குக் கொடுக்கும் விடைக்குறிப்புதான் கீ. அவர் கெட்டவர் இல்லை. கீயைக் கையில் வைத்துக்கொண்டு நியாயமாகத்தான் திருத்தினார். நானும் திருத்தும் முகாம்களில் அப்படித்தான் திருத்தியிருக்கிறேன். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. எதிரே முதன்மைத் தேர்வாளர். பிள்ளை என்ன கேட்டது, என்ன பார்த்தது என்று யோசிக்க அங்கே ஏது நேரம்? பாயின்டுக்கு டிக், அவ்வளவுதான்.

சரி, கீயில் இருப்பதை எழுதும் பிள்ளைகளுக்காவது பாட்டு தெரியுமா? அதையும் சொல்கிறேன், என் மேல் தப்பு இல்லை என்று காட்டிக்கொள்ள மாட்டேன். 'காமன் பாராகிராஃப்' என்று ஒரு சரக்கு பள்ளிகளில் புழங்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே பத்தி. தலைப்புக்கும் கவிஞர் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். இவர் மிகச் சிறந்த கவிஞர், இந்தப் பாடல் மிக அழகானது, சொற்கள் எளியவை, நல்ல கருத்தைச் சொல்கிறது, நாம் இதைப் பின்பற்ற வேண்டும். டென்னிசனுக்கும் பொருந்தும், பூனைப் பாட்டுக்கும் பொருந்தும். களவாணிப் பூனையைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதிய விடைத்தாளை நானே பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணும் விழுந்திருந்தது! மெல்லக் கற்போருக்குத் தேர்ச்சி விழுக்காட்டுக்காக அந்தப் பத்தியை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மாவட்டக் கூட்டத்தில் நம் பள்ளியின் பெயரைச் சொல்லி நிற்க வைப்பார்களே என்ற பயம்தான் காரணம்.

ஈ.ஆர்.சி.யும் இதே கதை. தமிழ்த் தாளில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்பதுதான் ஆங்கிலத்தில் ஈ.ஆர்.சி. மூன்று மதிப்பெண். அந்த வரி எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கப் பாட்டைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வியின் உயிர். பிள்ளைகள் வரியின் முதல் சொல்லைப் பார்த்தே எந்தப் பதிலைக் கொட்ட வேண்டும் என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மனப்பாடம்தான் காரணம், அதை ஒழிக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆத்திசூடியையும் குறளையும் மனப்பாடம் செய்து வளர்ந்த ஊர் இது. என் பாட்டிக்கு எழுத்து தெரியாது, நூற்றுக்கணக்கான வரிகள் தெரியும். பாட்டு என்பதே மனத்தில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டது. எதை மனப்பாடம் செய்ய வைக்கிறோம் என்பதில்தான் கோளாறு. பாட்டை விட்டுவிட்டு, பாட்டைப் பற்றி யாரோ எழுதிய பதிலை உருப்போட வைக்கிறோம். பத்தாம் வகுப்பில் பாட்டின் வரிகளை நினைவிலிருந்து எழுதச் சொல்லும் மெமரி போயம் என்று ஒன்றை வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் கேலி செய்யும் அந்தக் கேள்விதான் என் கணக்கில் அந்தத் தாளிலேயே ஒழுங்கான இலக்கியக் கேள்வி.

பூனைப் பாட்டுக்கு வருகிறேன். ஊரில் என்ன திருட்டு நடந்தாலும் போலீஸ் போய்ப் பார்த்தால் மெக்காவிட்டி என்கிற அந்தப் பூனை அங்கே இருக்காது. திரும்பத் திரும்ப அதே வரி வரும். ஒரு மழைநாளில், பாதிப் பேர் வராத வகுப்பில், நோட்ஸை மூடிவிட்டுச் சத்தமாகப் படித்தேன். மூன்றாவது முறை அந்த வரி வந்தபோது பிள்ளைகளே முந்திக்கொண்டு கத்தினார்கள். ஒருவன் பெஞ்சில் தாளம் தட்ட ஆரம்பித்தான், கச்சிதமாகப் பொருந்தியது. கோயில் திருவிழாவில் மேளம் அடிக்கிற பையன் அவன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் டஸ்டர் காணாமல் போனாலும் சாக்பீஸ் காணாமல் போனாலும் 'மெக்காவிட்டி, மிஸ்' என்பார்கள். இப்போது அவர்களில் ஒருவன் மோட்டார் பழுது பார்க்கிறான். போன மாதம் என் வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பார்க்க வந்தவன், ஸ்பேனரைத் தேடிவிட்டு அதே சொல்லைச் சொன்னான். பிளஸ் ஒன்னில் அவன் ஆங்கிலத்தில் வாங்கிய மதிப்பெண் எனக்கு நினைவில்லை, அவனுக்கும் இருக்காது.

அதே வகுப்பில் நடந்த இன்னொன்று. அலிட்டரேஷன், ரைம் ஸ்கீம் என்று நான் போர்டில் எழுதி, விளக்கம் சொல்லி, உதாரணம் சொல்லி, ஒருவர் முகத்திலும் வெளிச்சமில்லை. முன் பெஞ்சுக்காரி மெதுவாகக் கேட்டாள், 'மிஸ், இது மோனைதானே? அது இயைபு?' பக்கத்து அறையில் தமிழ் ஐயா வருடக் கணக்காக நடத்தியதைத்தான் நான் புதிதுபோல நடத்திக்கொண்டிருந்தேன். அடி தொடக்கத்து ஒலி ஒன்றினால் மோனை, அடியின் கடைசி ஒன்றினால் இயைபு, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. ஆங்கிலத்தின் ரைம் நம் எதுகை அல்ல, இயைபுக்குத்தான் கிட்ட வருகிறது என்று சொன்னபோது அவர்களே விவாதம் செய்தார்கள், நான் நகர்ந்து நின்றுகொண்டேன். மலைப்பாம்பு போலக் கொடி என்றால் உவமை. அது கொடி அல்ல, பாம்பேதான் என்றால் உருவகம். இதை ஏன் பாடநூலில் ஒரு பெட்டிக்குள் போடக்கூடாது? அருஞ்சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் தருகிறீர்கள், இருக்கட்டும். ஏற்கெனவே தெரிந்த நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில வகுப்புக்குள் விடுவதால் ஆங்கிலம் தீட்டுப்பட்டுவிடாது.

கி.ரா.வின் நாற்காலி இதற்கு இன்னும் நல்ல இடம். தமிழ்ப் பிள்ளைகள் ஒரு தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஆசை ஆசையாகச் செய்துகொண்டு வந்த நாற்காலியை, ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை உட்காரவைக்க இரவல் கேட்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் படித்தபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது. மறுநாள் தமிழ் மூலத்தைக் கொண்டுபோய்ப் படித்தேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'நேத்து ஏன்டா சிரிக்கல?' என்று கேட்டேன். அந்தக் கேள்வியிலேயே ஒரு பீரியட் ஓடிவிட்டது. கரிசல் பேச்சை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஆளுக்கொரு வாக்கியம் எடுத்து முட்டி மோதினார்கள். அன்றைக்கு அவர்கள் பேசிய ஆங்கிலம் மற்ற நாட்களில் ஒரு வாரத்துக்குப் பேசுகிற ஆங்கிலம். ஆனால் தேர்வில் கேட்பது என்னவோ கதையின் சுருக்கம்.

நாடகத்தின் கதை இன்னும் மோசம். நாடகத்தை எழுதிக் காட்டித் தேர்வு வைக்கிறோம், அதுவே ஒரு நகைச்சுவை நாடகம். பிளஸ் ஒன் துணைப்பாடத்தில் தவணையில் வாழும் ஒரு தம்பதியின் நாடகம் இருக்கிறது. வீடு, கார், சோபா எல்லாமே தவணை. வருமானத்தைவிடத் தவணை அதிகம், துண்டு விழுவதற்குக் கடன். பார்க்க வந்த அத்தைக்கு மயக்கம் வராத குறை. எங்கள் பள்ளியில் அதை நடிக்க வைத்தேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தவணையைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். குழுக் கடன், வண்டி டியூ, செல்போன் டியூ என்று கேட்டு வளர்ந்தவர்கள். கணவன் ஜாக்காக நடித்தவன் திடீரென்று தமிழுக்குத் தாவி, 'அத்தை, அந்தக் கால் மட்டும்தான் நம்மளது, பார்த்து உட்காருங்க' என்றான். கடைசியில் குழந்தைக்கே இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்கிறது என்று வருமே, அந்த இடத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சில வீடுகளில் அது சிரிக்கிற விஷயமில்லை.

தேர்வில் அவர்கள் அத்தனை பேரும் எழுதியது நோட்ஸ் பத்தி. வேறென்ன எழுதுவார்கள்?

இந்த வியாதி நேற்று வந்ததல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப் பிரிவு வந்தது 1894இல்தான். அவர்கள் இதைத் தனிப் படிப்பாக எடுத்துக்கொள்ளும் முன்பே நம் ஆட்கள் ஷேக்ஸ்பியருக்கு நோட்ஸ் எழுதிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய நோய், ஒரே நாளில் போகாது. ஆனால் ஓரிடத்தில் தொட்டுப் பார்க்கலாம்.

இப்போது என் கோரிக்கை. பிளஸ் டூ ஆங்கிலத் தாள் 90 மதிப்பெண். அதில் செய்யுளுக்கு இருக்கும் ஐந்து மதிப்பெண் பாராகிராஃபில் மட்டும் கை வையுங்கள், மற்றவை இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே இப்படி ஒரு கேள்வி: இந்த ஆண்டு படித்த பாடல்களில் ஏதாவது ஒன்றிலிருந்து நான்கு வரிகளை நினைவிலிருந்து எழுதுக. அவற்றில் நீ கேட்ட ஓசையை ஆறு வாக்கியங்களில் சொல்லுக. வரிகளுக்கு இரண்டு மதிப்பெண், வாக்கியங்களுக்கு மூன்று. அடுத்த ஆண்டு ஓசைக்குப் பதில் நிறம். அதற்கடுத்த ஆண்டு பயம், அல்லது ஒரு மனிதரின் முகம். அந்தச் சொல் மட்டும் ஆண்டுதோறும் மாறட்டும், முன்கூட்டித் தெரிய வேண்டாம்.

நோட்ஸ் போடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? மாட்டார்கள். ஓசைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று ஆடி மாதத்துக்குள் தயார் செய்துவிடுவார்கள். எனக்கும் தெரியும். அப்படியே ஆனாலும் பாட்டின் நான்கு வரிகளாவது பிள்ளையின் மனத்தில் தங்கும். காமன் பாராகிராஃபில் அதுகூட மிஞ்சுவதில்லை.

எப்படித் திருத்துவது, ஆளுக்கு ஆள் மாறுமே என்பீர்கள். அதே தாளில் கடிதமும் கட்டுரையும் கேட்கிறீர்கள், அவற்றை நாங்கள் திருத்தவில்லையா? கீயில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: எழுதிய நான்கு வரிகளோடு தொடர்புள்ள, பிள்ளை தானே சொன்ன எதையும் ஏற்க. அந்த வாக்கியம் இருந்திருந்தால் என் சக ஆசிரியர் அந்த ஒன்றரையைப் போட்டிருக்க மாட்டார். அவருக்குக் கூடுதலாகப் போட மனம் இருந்தது, அனுமதிதான் இல்லை.

நாடகத்துக்குப் புதிதாக மதிப்பெண் கேட்கவில்லை. அகமதிப்பீட்டுக்குப் பத்து இருக்கிறது. அதை ஏறக்குறைய எல்லோருக்கும் முழுசாகப் போட்டுவிடுகிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போடுவதைப் போட்டுவிடலாம், அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டில் ஒருமுறை எழுந்து நின்று ஒரு பாத்திரத்தின் வசனத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். திக்கினாலும் சரி. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் வகுப்பில் தன் குரலில் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தைச் சொல்லாமலே வெளியே போகிறவர்களை நான் வழியனுப்பியிருக்கிறேன்.

2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. நல்லது. ஆனால் அந்த ஆண்டை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பழைய நாட்களைப் போல ஜூனிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள், பூனையும் தவணை நாடகமும் பிரிக்காத பக்கங்களாகக் கிடக்கும். பிளஸ் ஒன் பாட்டுகளிலிருந்தும் வரிகளை எழுதலாம் என்று பிளஸ் டூ தாளில் ஒரு வார்த்தை சேர்த்தால் அந்தப் பக்கங்களும் பிழைத்துக்கொள்ளும்.

அந்தப் பெண்ணின் விடைத்தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன், விதிப்படி தப்புதான். நீங்கள் கேட்டால் பெயரை மறைத்து ஒரு நகல் அனுப்புகிறேன். குழுவில் ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்து, கீ இல்லாமல், ஐந்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆங்கில ஆசிரியை ஒருத்தி